சன்ஸ்கிரீன்: வெயில்காப்பா, கதிர்காப்பா?

விடுமுறைக்குப் புறப்படும்போது குழந்தையின் பையில் எடுத்துவைக்கும் பொருள்களில் சன்ஸ்கிரீனும் இப்போது ஒன்றாகிவிட்டது. தமிழில் அதைச் சூரியத்திரை, சூரிய ஒளித்தடுப்பான், வெயில்காப்புக் களிம்பு என்று பலவாறு எழுதுகிறார்கள். பெயர் பிசகினால் பயன்பாடும் பிசகும் என்பதை நான் பட்டறிந்திருக்கிறேன். மூன்று வயது மகளோடு கடற்கரைக்குச் சென்ற ஒரு நாள், வானம் மூடியிருந்தது, காற்றும் குளிர்ந்திருந்தது. “வெயிலே இல்லையே” என்று சொல்லிப் பூச்சைப் பையிலேயே விட்டுவிட்டோம். இரவு குளிப்பாட்டும்போது பிடரியில் தண்ணீர் பட்டதும் அவள் துடித்து விலகினாள். சட்டைக் கழுத்து முடிந்த இடத்திலிருந்து மயிர்க்கால் வரை, கோடு போட்டாற்போல் தோல் கன்றிச் சிவந்திருந்தது.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்ப்போம். ‘சன்’ என்பது சூரியன். அதில் சிக்கல் இல்லை. ‘ஸ்கிரீன்’ என்றதும் இன்று நமக்குத் தொலைக்காட்சித் திரையோ கைப்பேசித் திரையோ நினைவுக்கு வருகிறது. ஆனால் அச்சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, கணப்படுப்பின் அனல் முகத்தில் அடிக்காதபடி நடுவே நிறுத்தும் தட்டியைக் குறித்தது. அதன் ஜெர்மானிய வேரில் கேடயம், காப்பு என்னும் பொருள் உண்டு. ஜெர்மன் மொழியில் குடைக்கு வழங்கும் ‘ஷிர்ம்’ அதே குடும்பத்துச் சொல். ஆகவே ‘சூரியத்திரை’ என்பது இக்காலப் பொருளை மட்டும் பார்த்துச் செய்த பெயர்ப்பு. சொல்லின் உள்ளீடு திரையன்று, காப்பு. குழந்தைக்கு வேண்டிய ஒன்றுக்குக் ‘காப்பு’ என்பதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் கிடைப்பது அரிது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் முதல் பருவத்துக்கே காப்புப் பருவம் என்றுதானே பெயர்.

அப்படியானால் ‘வெயில்காப்பு’ என்று வைத்துக்கொள்ளலாமா என்றால், இங்கேதான் நான் தயங்குகிறேன். வெம்மை, வெய்யோன், வேனில் ஆகியவற்றோடு ஒரே வேரில் கிளைத்த சொல் வெயில். அதைச் சொல்லும்போதே சூடும் சேர்ந்து வருகிறது. சுடவில்லை என்றால் வெயில் இல்லை, வெயில் இல்லை என்றால் காப்பும் வேண்டாம் என்று மனம் தானாகவே முடிவுகட்டிவிடும். எங்கள் வீட்டில் நடந்தது அதுவே. தோலைக் கன்றவைப்பது சூடன்று, புறஊதாக் கதிர். அது கண்ணுக்கும் தெரியாது, தொடுகைக்கும் தெரியாது. மெல்லிய மேகத்தை அது பெரும்பாலும் ஊடுருவி வந்துவிடும். மலையில் ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் அதன் வலிமை ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. புதிதாய் விழுந்த பனியோ அதில் 80 விழுக்காடு வரை திருப்பியடிக்கும். குளிருக்காகப் போகும் இடத்தில்தான் குழந்தைக்குக் காப்பு மிகுதியாக வேண்டியிருக்கிறது என்பதை ‘வெயில்காப்பு’ என்னும் சொல் உணர்த்தாது. ‘கதிர்காப்பு’ உணர்த்தும். தோலில் தடவுவதால் ‘கதிர்காப்புப் பூச்சு’ என்பது முழுப்பெயராக நிற்கலாம். களிம்பு, குழம்பு, தெளிப்பு என எந்த வடிவில் வந்தாலும் பூச்சு என்பது பொருந்தும்.

‘புறஊதா’ நல்ல ஆக்கம். 1801-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிவியலாளர் யோகான் வில்ஹெல்ம் ரிட்டர், சூரிய ஒளி வானவில்போல் நிறம் நிறமாகப் பிரியும் நிறமாலையில் ஊதா முடியும் இடத்துக்கு அப்பால், ஒன்றுமே தெரியாத பகுதியில் வைத்த வெள்ளி உப்பு விரைந்து கறுப்பதைக் கண்டார். ஊதாவுக்குப் புறத்தே உள்ளது என்னும் பெயர் அந்தக் கண்டுபிடிப்பை அப்படியே சொல்கிறது. நிலத்தை வந்தடையும் இக்கதிரில் இரு வகை உண்டு. யு.வி.பி. தோலின் மேற்பரப்பைச் சுட்டுச் சிவக்கவைக்கும், யு.வி.ஏ. இன்னும் ஆழமாக இறங்கும், சன்னல் கண்ணாடியையும் கடந்து வரும். இரண்டையும் தடுக்கும் பூச்சையே ஆங்கிலத்தில் ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்கிறார்கள். அதைப் ‘பரந்த நிறமாலை’ என்று பெயர்த்தால் வாங்குபவருக்கு எதுவும் விளங்காது. ‘இருகதிர்க் காப்பு’ என்றால் விளங்கும்.

அடுத்தது, பூச்சின் மேலுறையில் ஓர் எண்ணோடு வரும் எஸ்.பி.எஃப்., அதாவது ‘சன் புரொடெக்‌ஷன் ஃபாக்டர்’. இதைச் ‘சூரியப் பாதுகாப்புக் காரணி’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. காரணி என்றால் ஒன்று நிகழக் காரணமாவது. இங்கே ‘ஃபாக்டர்’ அந்தப் பொருளில் வரவில்லை, கணக்கில் வரும் மடங்கு என்னும் பொருளில் வருகிறது. வெறுந்தோல் சிவப்பதற்கு எவ்வளவு கதிர் தேவையோ, பூச்சிட்ட தோல் சிவப்பதற்கு அதைப்போல் எத்தனை மடங்கு தேவை என்பதே அந்த எண். ‘காப்பு மடங்கு’ என்று எழுதிவிட்டால் கணக்கு கண்முன்னே வந்துவிடும்: 30 என்றால் முப்பதில் ஒரு பங்கு கதிர் உள்ளே போகும், 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு. தடுக்கப்படுவது முன்னதில் ஏறத்தாழ 97 விழுக்காடு, பின்னதில் 98. எண் பெரிதாகத் தெரிந்தாலும் வேறுபாடு சிறிது. இம்மடங்கு நேரத்துக்கு உரியதன்று. 50 என்று போட்டிருப்பதால் குழந்தையை நாள் முழுவதும் விளையாட விடலாம் என்று கொள்வது தவறு. சிவப்பை வைத்து அளப்பதால் அது பெரிதும் யு.வி.பி.யைப் பற்றியே பேசுகிறது. இருகதிர்க் காப்பு உண்டா என்று தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, இந்த எண்ணை அளக்கும் ஆய்வில் ஒரு சதுரச் சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். ஓடத் துடிக்கும் பிள்ளையைப் பிடித்துவைத்து நாம் பூசுவது பெரும்பாலும் அதில் பாதிகூட இராது. காதுமடலின் பின்புறம், வகிடு, புறங்கால் ஆகியவை விட்டே போகும். பூசியதை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், நீரிலிருந்து ஏறிய உடனும் மறுபடி பூச வேண்டும்.

‘சன்பிளாக்’, ‘வாட்டர்புரூஃப்’ என்னும் சொற்களைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். முழுவதுமாகத் தடுக்கும், நீர் புகவே புகாது என்ற மயக்கத்தைத் தருவதால், 2011-இல் வகுத்த விதிகளில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் இவ்விரு சொற்களையும் பூச்சுகளின் மேலுறையில் அச்சிடக் கூடாது என்று விலக்கியது. நீரில் 40 அல்லது 80 நிமிடம் தாங்கும் என்று மட்டுமே சொல்லலாம். எனவே தமிழிலும் ‘நீர்ப்புகா’ என்று எழுதாமல் ‘நீர்தாங்கும்’ என்று எழுதுவதே நேர்மை. துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் கலந்த பூச்சுகளைத்தான் முன்பு ‘சன்பிளாக்’ என்று மிகுதியாக அழைத்தார்கள். அவை கண்ணாடிபோல் கதிரைத் திருப்பியனுப்புவதாக நெடுங்காலம் எண்ணப்பட்டது. உண்மையில் பெரும்பகுதியை உறிஞ்சவே செய்கின்றன. குழந்தையின் மென்தோலில் எரிச்சல் தருவது குறைவு என்பதே அவற்றைத் தேர்வதற்குப் போதிய காரணம்.

பூச்சுக்கு முன்பே தமிழில் இருந்த சொல் ‘மறை’. “வெயில் மறைக் கொண்டன்றோ அன்றே” என்று புறநானூற்றின் 35-ஆம் பாட்டு மன்னன் குடையைப் பாடும். உன் குடை வெயிலை மறைப்பதற்கா எடுத்தது, வருந்திய குடிகளை மறைப்பதற்கன்றோ என்பது கருத்து. மறைத்தலும் காத்தலும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. குடை, நிழல், முழுக்கைச் சட்டை, காதையும் பிடரியையும் சேர்த்து மூடும் அகன்ற விளிம்புத் தொப்பி ஆகியவற்றுக்கெல்லாம் ‘கதிர்மறை’ என்று பொதுப்பெயர் வழங்கலாம். துணிக்கும் யு.பி.எஃப். என்று ஓர் எண் உண்டு. அதுவும் காப்பு மடங்கே, யு.வி.ஏ., யு.வி.பி. இரண்டுக்கும் சேர்த்து அளந்தது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குப் பூச்சை நம்ப வேண்டாம், நிழலும் துணியுமே போதும் என்றுதான் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். அதைவிடப் பெரிய பிள்ளைக்கும் மறை முதலில், பூச்சு அதன்பின், அதுவும் மறைக்க முடியாத இடங்களுக்கு. அடுத்த பயணத்தில் மகளுக்கு வாங்கிய தொப்பியின் பின்புறத்தில் பிடரி வரை தொங்கும் ஒரு துணி தைத்திருந்தது. அதற்கு அவள் வைத்த பெயர் ‘கழுத்துக்குடை’.