நிம்ஃபேயம்: எங்கே ஊறியது நீரூற்று?

ஜோர்டானில் பாறையைக் குடைந்து எழுப்பிய பழைய நகரமான பெட்ராவைப் பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரையில் நேற்றும் அதே வரி: 'நகரின் நடுவே தேவதைகளின் நீரூற்று இருந்தது.' எத்தனையாவது முறையோ!

மூலச்சொல் நிம்ஃபேயம். கிரேக்கத்தில் நிம்ஃபே என்றால் மணப்பெண், இளம்பெண். சுனைகளில் குடியிருக்கும் பெண்தெய்வங்களுக்கும் அதே பெயர். அவர்களுக்கான இடம் நிம்ஃபையோன். அது லத்தீனில் நிம்ஃபேயம் ஆயிற்று. ரோமர் காலத்தில் சாமி ஒதுங்கிக்கொண்டு, சிலைகளும் கொட்டும் தண்ணீருமாக ஊர் நடுவே நிற்கும் அலங்காரக் கட்டடத்துக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. சரி, பூர்வீகம் இவ்வளவு போதும்.

ஊறுவது ஊற்று. ஆற்று மணலைக் கையால் தோண்டினால் கசிந்து வருகிறதே, அது. பெட்ராவின் கடைத்தெருவில் அப்படி எதுவும் ஊறவில்லை. ஐன் மூசா போன்ற தொலைவுச் சுனைகளிலிருந்து இழுத்து வந்த தண்ணீர் அது. சீக் என்னும் 1.2 கிலோமீட்டர் மலையிடுக்கில் நடந்தால் இன்றும் தெரியும்: ஒரு பக்கப் பாறையில் வெட்டிய வாய்க்கால், எதிர்ப்பக்கம், ஒன்றுக்குள் ஒன்று செருகிச் சாந்து பூசிய சுட்டமண் குழாய்கள். அந்த நகரை எழுப்பிய நபதேயர்கள் பட்ட பாட்டையெல்லாம் 'ஊற்று' என்று எழுதித் தானாக வந்ததாக்கிவிடுகிறோம். 'செயற்கை நீரூற்று' என்று ஒட்டுப்போடுவது இன்னும் மோசம். பூங்காவில் கலர் விளக்கோடு பீய்ச்சுகிற சமாச்சாரம்தான் கண்முன் வரும்.

தனித்தமிழ் அன்பர் ஒருவர் 'நீரணங்குக் கோட்டம்' என்கிறார். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் கோட்டம் என்றதும் படிப்பவர் பூசாரியைத் தேடுவாரே!

என் ஓட்டு 'நீர்மாடம்'. சுவரில் விளக்கு வைக்கும் குழிவும் மாடம், உயர்ந்த மாளிகையும் மாடம். நிம்ஃபேயத்தின் சிலைக்குழிகளுக்கும் அதன் பகட்டுக்கும் ஒரே சொல் போதும். பெட்ராவில் அந்த அரைவட்டக் கட்டடத்தின் அடிப்பகுதிதான் மிச்சம். மேலே ஒரு முதிய பிஸ்தா வகை மரத்தின் நிழல்.

பெயரில் ஏமாந்தது நாம் மட்டுமல்ல. அதே தெருவையொட்டிய ஒரு பரப்பை ஆய்வாளர்களே பல காலம் 'கீழ்ச்சந்தை' என்றார்கள். 1998இல் தோண்டினால் சந்தையைக் காணோம்; ஏறக்குறைய 43 மீட்டர் நீளமும் 23 மீட்டர் அகலமுமாக ஒரு குளம், நடுவில் தீவு மண்டபம், பக்கத்தில் தோட்டம். பாலைவனத்தில் தண்ணீரைக் காட்டியே ஆளை அசத்தியிருக்கிறார்கள். ஆய்வாளர்கள் திருத்திக்கொண்டார்கள். நேற்றுப் படித்த கட்டுரையிலோ இன்னும் கீழ்ச்சந்தைதான்; அங்கே ஒட்டகம் விற்றதாகவும் ஒரு வரி.