அம்மாவுக்கு மொழிபெயர்த்தே வளர்ந்த பெண்கள்

சிகாகோவின் தென்மேற்கில் லிட்டில் வில்லேஜ் என்று ஒரு பகுதி இருக்கிறது. மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைந்த இடம். 26-ஆம் தெரு நெடுக ரொட்டிக் கடைகள், ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகள், பதினைந்தாம் பிறந்தநாள் விழாவுக்கான குடை கவுன்கள் தொங்கும் துணிக்கடைகள். அந்தப் பக்கத்தில் ஒரு சமூக மருத்துவ மையத்தில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் உள்ள பெண்கள். பெற்றோர் மெக்சிகோவிலிருந்தோ குவாத்தமாலாவிலிருந்தோ வந்தவர்கள். இவர்கள் இங்கேயே பிறந்தவர்கள், அல்லது கைக்குழந்தையாக வந்தவர்கள். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் இவர்கள்தான்.

தூக்கம் வரவில்லை, தலைவலி, நெஞ்சு படபடக்கிறது என்றுதான் வருவார்கள். வீட்டைப் பற்றிப் பேச்சு வர நாளாகும். பல சமயம் அது ஃபோன் வழியாகத்தான் வரும். பேசிக்கொண்டிருக்கும்போதே வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்து விழும். மின்கட்டண நோட்டீஸையோ தம்பியின் பள்ளிக் கடிதத்தையோ அம்மா படமெடுத்து அனுப்பியிருப்பார். கீழே குரல் பதிவு: "மிஹா (மகளே), இதுல என்ன போட்டிருக்கு, பாரு." அந்தப் பெண் என்னைப் பார்த்து, "ஒரு நிமிஷம் மிஸ்" என்பாள். அந்த ஒரு நிமிடத்தில் அவள் தோள்கள் ஏறி இறுகுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஒரு பெண் சொன்னதை இங்கே சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒன்பது வயதில் அம்மாவின் மார்பு ஸ்கேன் முடிவைக் கேட்க உடன் போயிருக்கிறாள். மருத்துவர் பயாப்ஸி செய்ய வேண்டும் என்கிறார். அதை ஸ்பானிஷில் எப்படிச் சொல்வதென்று குழந்தைக்குத் தெரியவில்லை. "சின்னதா ஒரு துண்டு எடுத்துப் பார்ப்பாங்களாம். ஒண்ணும் இல்லையாம் அம்மா" என்று சொல்லிவிட்டாள். 'ஒண்ணும் இல்லை' என்று மருத்துவர் சொல்லவே இல்லை, அது அவளாகச் சேர்த்தது. சாதாரணக் கட்டிதான் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அது தெரியும்வரை அந்த வீட்டில் மருத்துவர் என்ன சொன்னார் என்று தெரிந்த ஒரே ஆள் நாலாம் வகுப்புப் பிள்ளை. இன்றும் யாராவது அவளிடம் முடிவு சொல்கிறேன் என்றால் வயிற்றைப் பிசைகிறது.

பிள்ளைகளை இப்படி மொழிபெயர்க்க வைப்பதைத் தடுக்க இங்கே சட்டமே இருக்கிறது. ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் 2016-இல் வந்த விதிகளின்படி, மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனை, உயிர்போகும் அவசரம் தவிர வேறு நேரத்தில், சிறுவர்களை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. மொழிபெயர்ப்பாளரை மருத்துவமனையே இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும். ஆனால் கவுன்ட்டரில் கூட்டம் நெரியும்போது, கூட நிற்கும் பிள்ளைதான் எல்லோருக்கும் வசதி. அம்மாவுக்கும் அதுதான் பிடிக்கும். முன்பின் தெரியாதவரிடம் உடம்பு விவரத்தை யார் சொல்வார்கள்?

மொழிபெயர்ப்பதே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. மார்ஜரி ஃபால்ஸ்டிச் ஒரெயானா என்ற ஆய்வாளர் சிகாகோவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் இப்படிப்பட்ட பிள்ளைகளோடு பழகி, 2009-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பல பிள்ளைகளுக்கு இது வீட்டு வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான்; அதில் திறமையும் பெருமிதமும்கூட உண்டு என்று அதில் காட்டியிருக்கிறார். நான் பார்ப்பதும் அதுதான். அர்ஜென்டினாவில் பிறந்த, குடும்ப உறவுகளுக்குச் சிகிச்சை தந்த மனநல மருத்துவர் சல்வடோர் மினுச்சினும், பெற்றோரின் பொறுப்பில் ஒரு பங்கைப் பிள்ளை சுமப்பது பெரிய குடும்பங்களில் இயல்பு என்றே சொன்னார். எந்த வேலை, எதுவரை என்று யாரும் வரையறுக்காமல் விட்டுவிட்டால்தான் பிள்ளை அதில் மூழ்கிப்போகிறது. என்னிடம் வரும் பெண்களின் கதை பெரும்பாலும் இதுதான். ஏழு வயதில் கொடுத்த வேலையிலிருந்து இருபத்தேழு வயதிலும் யாரும் அவர்களை விடுவிக்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் உண்டு. கன்னி மரியாள் போல் பொறுமையாக எல்லாவற்றையும் தாங்குபவளே நல்ல பெண் என்ற எதிர்பார்ப்புக்கு 1973-இல் எவ்லின் ஸ்டீவன்ஸ் என்ற ஆய்வாளர் 'மரியனிஸ்மோ' என்று பெயர் வைத்தார். எல்லா லத்தீன் அமெரிக்கப் பெண்களையும் ஒரே அச்சில் வார்க்கிறது என்று பிற்காலத்தில் அதற்கு விமர்சனமும் வந்தது, நியாயமான விமர்சனம்தான். ஆனாலும் "அம்மா எல்லையைக் கடந்து வந்தது எனக்காக, நான் ஒரு கடிதம் படிக்கச் சலித்துக்கொள்ளலாமா?" என்ற கேள்வி இந்தப் பெண்களின் வாயிலிருந்து வெவ்வேறு சொற்களில் என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. 2025 இலையுதிர் காலத்தில் குடியேற்றத் துறையின் தேடுதல் வேட்டை சிகாகோவில் தீவிரமானபோது இந்தச் சுமை இன்னும் ஏறியது. பெற்றோர் வெளியே போகப் பயந்த வீடுகளில் மளிகை வாங்குவது, தங்கையைப் பள்ளியில் விடுவது எல்லாம் குடியுரிமை உள்ள மகள் தலையில் விழுந்தது. டொரன்டோவிலும் பாரிஸிலும் வளர்ந்த நம் ஈழத்துப் பெண்களுக்கு இதில் பாதி தெரிந்த சங்கதியாகவே இருக்கும்.

சரி, இதற்கு என்ன செய்வது? இன்ஸ்டாகிராமைக் கேட்டால் 'எல்லைக்கோடு போடு, நச்சு உறவை அறுத்து எறி' என்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அடி, உதை, பாலியல் கொடுமை நடக்கும் வீட்டுக்கு அது பொருந்தும். அங்கே முதலில் வெளியே வர வேண்டும். மற்ற வீடுகளில் அம்மாவை அறுத்து எறிந்த பெண் என்னிடம் திரும்பி வரும்போது இரண்டு மடங்கு குற்ற உணர்ச்சியோடு வருகிறாள்.

இங்கேதான் எனக்குக் கதைகள் உதவுகின்றன. தன் அம்மாவைப் பற்றி என்னிடம் பேசுவது அவளுக்குக் காட்டிக்கொடுப்பது மாதிரி. கதையில் வரும் அம்மாவைப் பற்றி என்றால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவாள், திட்டவும் செய்வாள். அதனால் சிலருக்குப் புத்தகம் கொடுக்கிறேன்.

முதலில் கொடுப்பது சாண்ட்ரா சிஸ்னெரோஸின் 'தி ஹவுஸ் ஆன் மேங்கோ ஸ்ட்ரீட்'. 1984-இல் வந்தது. சிஸ்னெரோஸ் சிகாகோக்காரர், ஆறு சகோதரர்களுக்கு நடுவே ஒரே பெண். சின்னச் சின்ன அத்தியாயங்கள், சில ஒரு பக்கம்கூட வராது. இரண்டு வேலை பார்க்கும் பெண் ரயிலில் படித்துவிடலாம். கதையில் வரும் எஸ்பெரான்சாவுக்குத் தனக்கென்று ஒரு வீடு வேண்டும், அந்தத் தெருவை விட்டுப் போக வேண்டும். ஆனால் போக முடியாதவர்களுக்காகத் திரும்பி வருவதும் அவள் திட்டத்திலேயே இருக்கிறது. போவதும் வருவதும் ஒரே ஆசைக்குள் இருக்க முடியும் என்று நான் விளக்கினால் பாடமாகிவிடும். எஸ்பெரான்சா சொன்னால் கேட்கிறார்கள்.

அடுத்தது எரிகா சான்செஸ் 2017-இல் எழுதிய 'ஐ ஆம் நாட் யுவர் பெர்ஃபெக்ட் மெக்சிகன் டாட்டர்'. இதுவும் சிகாகோ கதை. வீட்டுக்கு அடங்கிய அக்கா இறந்துபோகிறாள். அடங்காத தங்கை ஹூலியா மிஞ்சுகிறாள். தன்னை எப்போதும் குறை சொல்லும் அம்மா எல்லையைக் கடந்தபோது என்ன கொடுமைக்கு ஆளானாள் என்பது அவளுக்கு மெக்சிகோவுக்குப் போன பிறகுதான் தெரிகிறது. தெரிந்ததும் அம்மா நல்லவளாக மாறிவிடவில்லை, ஹூலியா படிக்கப் போகாமல் நின்றுவிடவும் இல்லை. அம்மாவின் காயத்தைப் புரிந்துகொண்டாலும் தன் வாழ்க்கையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய கதைகள் குறைவு. ஒரு எச்சரிக்கை: இதில் தற்கொலை முயற்சி வருகிறது. அந்த எண்ணம் இப்போது இருப்பவர்களுக்கு நான் இதைக் கொடுப்பதில்லை.

இது பேச்சுக்குச் சொல்லும் எச்சரிக்கை இல்லை. 1990-கள் தொட்டு, அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர் கணக்கெடுப்புகளில் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண் பிள்ளைகளின் தற்கொலை முயற்சி விகிதம் பலமுறை மற்றவர்களைவிட அதிகமாக வந்திருக்கிறது. இதை ஆராய்ந்த லூயிஸ் சயாஸ் 2011-இல் எழுதிய நூலில், வளரும் மகளின் சுதந்திரத்துக்கும் குடும்பக் கடமைக்கும் இடையிலான மோதலை, முக்கியமாகத் தாய்க்கும் மகளுக்கும் நடுவில் அறுந்துபோகும் பேச்சை, மையமாக வைத்தார். தற்கொலை எண்ணம் வந்தால் அமெரிக்காவில் 988 என்ற உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்; 2-ஐ அழுத்தினால் ஸ்பானிஷில் பேசுவார்கள்.

படிக்க நேரமில்லாதவர்களுக்குப் படம் இருக்கிறது. 2021-இல் வந்த டிஸ்னியின் 'என்கான்டோ' அனிமேஷன் படத்தில், மாயப் பலத்தால் கழுதை, பாலம், தேவாலயம் எல்லாவற்றையும் தூக்கும் லூயிசாவைப் பார்த்து அழாத மூத்த பெண்ணை நான் இன்னும் சந்திக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால் கதைப்படி மூத்தவள் இசபெலா, லூயிசா நடுப்பிள்ளை. யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை.

அம்மாக்களுக்கு நான் சொல்வது 'ஒன் டே அட் எ டைம்' தொடரின் 2017 பதிப்பை. கியூப வம்சாவளித் தாய், ராணுவத்தில் இருந்த நர்ஸ், மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறாள். சரியாகிவிட்டது என்று நினைத்து நிறுத்திவிட்டுப் படும் பாட்டையும் சிரிப்புத் தொடரிலேயே காட்டியிருக்கிறார்கள். மாத்திரை பைத்தியங்களுக்கு என்று நம்பிய ஒரு அம்மா, பாட்டியாக வரும் ரீட்டா மொரேனோவுக்காகப் பார்க்கத் தொடங்கி, மாத்திரையைப் பற்றி என்னிடம் கேள்வி கேட்கும் அளவுக்கு வந்தார்.

அந்த அம்மாக்களில் சிலர் 'சுஸ்தோ' என்பார்கள். பயந்ததில் ஆன்மா உடம்பைவிட்டு நழுவிவிட்டது, முட்டையால் உடம்பைத் தடவிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது நம்பிக்கை. நம் ஊரில் பயந்த பிள்ளைக்கு மந்திரிப்பது போலத்தான். அமெரிக்க மனநல மருத்துவர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும், 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 கையேட்டிலேயே சுஸ்தோவுக்கு இடம் உண்டு. செய்துகொள்ளட்டும் என்பேன், மாத்திரையை மட்டும் நிறுத்தாமல்.

கதை முடிந்ததும் வேலை இருக்கிறது. அந்தப் பெண் வீட்டுக்காகச் செய்யும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதச் சொல்வேன். வாடகை வீட்டுக்காரரிடம் பேசுவது, அப்பாவின் மருந்துச் சீட்டு, தம்பியின் கல்லூரி விண்ணப்பம். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே வேறு யார் செய்யலாம் என்று ஒரு பெயர். மருத்துவமனைக்கு மொழிபெயர்ப்பாளர், விண்ணப்பத்துக்குப் பள்ளி ஆலோசகர். பத்தொன்பது வயதுத் தம்பிக்கும் ஆங்கிலம் தெரியும் என்பது பல வீடுகளில் அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. மிஞ்சுவதை அவள் செய்யட்டும், ஞாயிறு மதியம் மொத்தமாக. அம்மா ஒப்புக்கொள்ள நாளாகும். முதல் வாரம் கோபித்துக்கொண்டு எந்தப் படமும் அனுப்பாத அம்மாக்களும் உண்டு.

அப்புறம், மேங்கோ ஸ்ட்ரீட்டை மெக்சிகோவின் பெரிய எழுத்தாளர் எலேனா போனியாடோவ்ஸ்கா ஸ்பானிஷில் தந்திருக்கிறார். சான்செஸின் நாவலுக்கும் ஸ்பானிஷ் பதிப்பு இருக்கிறது. மகள் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, அம்மாவே படிக்கலாம். வாங்க வேண்டும் என்பதும் இல்லை. சிகாகோ பொது நூலகத்தில் உறுப்பினர் அட்டை இலவசம். 2019 அக்டோபரிலிருந்து தாமதக் கட்டணமும் கிடையாது.