"இன்னொரு சர்வர்ல இருக்குமே சார்!"

வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்குப் போன் அடித்தாலே வயிற்றைக் கலக்குகிறது. இந்த முறையும் அதே கதைதான். வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளைக் களையெடுக்கப் போன பையன், தவறான ஓயூவை அழித்துவிட்டான். ஓயூ என்பது, அலுவலகப் பயனர் கணக்குகளின் பட்டியலான மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியில் கணக்குகளை அடுக்கி வைக்கும் பெட்டி. உள்ளே முந்நூறு சொச்சம் பேர். அந்தப் பட்டியலின் பிரதியை வைத்திருக்கும் சர்வருக்கு டொமைன் கன்ட்ரோலர் என்று பெயர். "பேக்கப் இருக்கா?" என்று கேட்டேன். "எதுக்கு சார்? இங்க ரெண்டு டொமைன் கன்ட்ரோலர் இருக்கு, பிராஞ்ச்ல வேற ஒண்ணு இருக்கு. இன்னொரு சர்வர்ல இருக்குமே சார்!"

இந்த வருஷத்தில் நான்காவது முறையாக இதைக் கேட்கிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஒரு சர்வரில் இல்லாததை, இருக்கும் சர்வர் நிரப்பிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆக்டிவ் டைரக்டரி அப்படி வேலை செய்வதில்லை. கல்யாண அழைப்புப் பட்டியல் அண்ணனிடம் ஒன்று, தம்பியிடம் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அண்ணனின் தாளில் ஒரு பக்கம் கிழிந்து போனால் தம்பியைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். ஆனால் அண்ணன் போன் போட்டு "அந்த மாமா பேரை அடிச்சிடு" என்றால்? தம்பியும் அடித்துவிடுவான். டைரக்டரியில் ஒரு கணக்கை அழித்தால் அது சட்டென்று மறைந்துவிடுவதில்லை. 'இது நீக்கப்பட்டது' என்ற குறியோடு உள்ளேயே இருக்கும். டூம்ஸ்டோன் என்கிறோமே, அதுதான். அந்தக் குறியும் ஒரு மாற்றம், எல்லா மாற்றங்களையும் போல அதுவும் பரவும். ஒரே சைட்டுக்குள் (ஒரே இடத்து நெட்வொர்க்குக்குள்) முதல் சர்வருக்குச் சொல்ல 15 வினாடி, அடுத்தடுத்தவற்றுக்கு 3 வினாடி இடைவெளி. தலையில் கை வைப்பதற்குள் இரண்டாவது சர்வரிலும் காலி.

பிராஞ்ச் சர்வர் கதை வேறு. சைட்டுகளுக்கு இடையே யாரும் கை வைக்காவிட்டால் 180 நிமிடத்துக்கு ஒருமுறைதான் ரெப்ளிகேஷன், அதாவது மாற்றங்களைப் பரிமாறிக்கொள்வது, நடக்கும். செய்தி அங்கே போய்ச் சேருவதற்குள் கேபிளைப் பிடுங்கியிருந்தால், 'இந்தப் பிரதிதான் சரி' என்று மற்ற சர்வர்களை ஏற்கவைக்கும் அத்தாரிட்டேட்டிவ் ரீஸ்டோரை அங்கேயே செய்து எல்லோரையும் மீட்டிருக்கலாம். பேக்கப்கூடத் தேவைப்பட்டிருக்காது. இதைச் சொன்னதும் மறுமுனையில் அமைதி. பதற்றத்தில் 'ரெப்ளிகேட் நவ்' அழுத்திவிட்டார்களாம், போன கணக்குகள் திரும்பி வரும் என்று! இருந்த ஒரே நல்ல பிரதியையும் தங்கள் கையாலேயே அழித்திருக்கிறார்கள்.

கடைசியில் யாரோ ஒருவரின் மேசை டிராயரில் நான்கு மாதப் பழைய சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் (டைரக்டரியும் சேர்ந்த சர்வர் பேக்கப்) கிடைத்தது. டூம்ஸ்டோன் குறியின் ஆயுள் 180 நாள், அதைவிடப் பழைய பேக்கப் செல்லாது என்பதால் தப்பித்தோம். பழைய ஃபாரஸ்ட்களில் (டைரக்டரி அமைப்புகளில்) அந்த ஆயுள் 60 நாள்தான். மீட்பு வேலைக்காகச் சர்வரைத் தனி முறையில் தொடங்கத் தேவையான டிஎஸ்ஆர்எம் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மீண்டு வந்த கணக்குகளுக்கு நான்கு மாதத்துக்கு முந்தைய பாஸ்வேர்டு. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் புதிதாகத்தான் கணக்கு உருவாக்க வேண்டியிருந்தது. பெயர் அதேதான், ஆனால் எஸ்ஐடி (கணக்கை விண்டோஸ் அடையாளம் காணும் எண்) புதிது. அதனால் ஃபோல்டர் அனுமதிகள் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

"நாங்க ஸ்னாப்ஷாட் எடுக்கிறோம் சார்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்னாப்ஷாட் என்பது மெய்நிகர் கணினியின் ஒரு நேரத்து நிலையைப் பிடித்து வைப்பது. விண்டோஸ் சர்வர் 2012-இலிருந்து, ஹைப்பர்வைசரும் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) ஒத்துழைத்தால், ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிய டொமைன் கன்ட்ரோலர் அதைத் தானே உணர்ந்துகொள்ளும். இல்லையென்றால் அது ஏற்கெனவே கொடுத்த யுஎஸ்என் எண்களையே (மாற்றங்களின் வரிசை எண்கள்) புது மாற்றங்களுக்கும் கொடுக்கும். மற்ற சர்வர்கள் 'இதைத்தான் முன்பே வாங்கிவிட்டோமே' என்று அந்த மாற்றங்களைக் கேட்காமலே இருந்துவிடும். ஸ்னாப்ஷாட்டையும் பேக்கப் என்று எண்ண வேண்டாம். அப்புறம், ஒரு வருஷமாக அணைத்து வைத்திருந்த டொமைன் கன்ட்ரோலரைத் தூசி தட்டி நெட்வொர்க்கில் சொருகாதீர்கள். எப்போதோ அழித்த கணக்குகள் அதில் உயிரோடு இருக்கும்.

தயவுசெய்து, அழித்த கணக்கைத் திருப்பித் தரும் ஆக்டிவ் டைரக்டரி ரிசைக்கிள் பின்னை இன்றைக்கே இயக்குங்கள். அது தானாக ஆன் ஆகாது. அழித்த பிறகு இயக்கினால், அதற்கு முன் போனது வராது. தினமும் சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் எடுங்கள், குறைந்தது இரண்டு சர்வரில். ஒரு பிரதியை நெட்வொர்க்குக்கு வெளியே வையுங்கள். டிஎஸ்ஆர்எம் பாஸ்வேர்டை எழுதி உறையிலிட்டு லாக்கரில் வையுங்கள். வாரம் ஒருமுறை ரெப்அட்மின் கட்டளையை ஓட்டி ரெப்ளிகேஷன் நடக்கிறதா என்று பாருங்கள். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

தவறுதலாக அழியாமல் காக்கும் டிக் பெட்டி ஒவ்வொரு ஓயூவிலும் உண்டு. அந்தப் பையன் அழித்த ஓயூவில் அதை யாரோ எப்போதோ எடுத்துவிட்டிருக்கிறார்கள். மேலாளர் அவனை வேலையை விட்டே அனுப்பப் போகிறேன் என்றார். பேக்கப்புக்குக் காசு கேட்டபோது வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.