மடித்த தாளில் பக்கங்கள் எப்படி வரிசைக்கு வருகின்றன?

நான்கு ஏ4 தாள்களை அடுக்கி நடுவில் மடியுங்கள். பதினாறு பக்கமுள்ள சிறு புத்தகம் கையில் வந்துவிடும். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, பென்சிலால் 1 முதல் 16 வரை எண் போடுங்கள். பிறகு தாள்களைப் பிரித்துப் பாருங்கள். வெளித்தாளின் ஒரு முகத்தில் 16-ம் 1-ம் அடுத்தடுத்து இருக்கும். அதன் பின்முகத்தில் 2, 15. அடுத்த தாளில் 14, 3. பின்னால் 4, 13. மூன்றாவதில் 12, 5; 6, 11. நடுத்தாளில் 10, 7; 8, 9. எந்த முகத்தைக் கூட்டினாலும் 17 வரும்.

காரணம் எளிது. முன்பக்கத்திலிருந்து ஒரு பக்கம் உள்ளே நகர்ந்தால், பின்பக்கத்திலிருந்தும் ஒன்று உள்ளே நகர்கிறோம். ஒன்று கூடும்போது மற்றது குறைகிறது. ஆகவே கூட்டுத்தொகை எப்போதும் மொத்தப் பக்கங்களைவிட ஒன்று அதிகம். 24 பக்கமென்றால் 25, 40 பக்கமென்றால் 41. இடமிருந்து வலமாகப் படிக்கும் புத்தகத்தில் ஒற்றைப்படை எண் எப்போதும் வலப்புறம் விழும். இப்படியொரு புத்தகத்தை அச்சிடும்போது சொற்செயலி, அதாவது வேர்டு போன்ற எழுதும் மென்பொருள், பக்கங்களை இடம் மாற்றி அடுக்குவதும் இந்தக் கணக்கின்படிதான். பென்சில் எண் போட்ட அந்த மாதிரிப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அச்சில் குழப்பம் வந்தால் பிழை எங்கே என்று காட்டப்போவது அதுதான்.

ஒரு தாளுக்கு நான்கு பக்கம் என்பதால் மொத்தம் நான்கின் மடங்காக இருந்தாக வேண்டும். உங்கள் எழுத்து 18 பக்கத்தில் முடிந்தால், புத்தகம் 20 பக்கம்தான். மிஞ்சும் இரண்டு வெற்றுப் பக்கங்களை மென்பொருள் கடைசியில் தள்ளிவிடும். அட்டையின் உட்பக்கம் போன்ற பொருத்தமான இடத்தில் நீங்களே வைப்பது நல்லது.

பக்க அளவை எழுதத் தொடங்கும் முன்பே ஏ5, அதாவது 148 × 210 மி.மீ. என்று வைத்துவிடுங்கள். ஏ வரிசைத் தாள்களின் நீள அகல விகிதம் இரண்டின் வர்க்கமூலம். பாதியாக வெட்டினாலும் விகிதம் மாறாத இந்த அளவை லிச்டன்பெர்க் என்ற ஜெர்மானிய அறிஞர் 1786-இல் ஒரு கடிதத்தில் குறிப்பிட்டார். 1922-இல் அது ஜெர்மனியின் தர அளவானது. இந்த விகிதத்தால் ஏ4 பக்கத்தைச் சுருக்கினால் ஏ5-க்குள் பிசகில்லாமல் அடங்கும். ஆனால் சுருக்கும்போது எல்லாமே 71 சதவீதமாகிவிடும்: 12 புள்ளி எழுத்து எட்டரைப் புள்ளியாகிறது. கொம்பும் சுழியும் நிறைந்த தமிழ் எழுத்துக்கு அது மிகச் சிறிது. ஏ5 பக்கத்தில் 11 புள்ளி, வரி இடைவெளி 1.2 அல்லது 1.3 மடங்கு, மடிப்புப் பக்கம் 18 மி.மீ., வெளிப்பக்கம் 15 மி.மீ. ஓரவெளி என்று தொடங்கலாம். வரியை இருபுறமும் சமமாக்க வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய வரியில் சொற்களுக்கிடையே ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும். இடப்புறம் மட்டும் சீராக்கினால் படிக்க இதமாக இருக்கும்.

லிப்ரே ஆஃபிஸ் ரைட்டரில் அச்சுப் பெட்டியில் 'ப்ரோஷர்' என்பதைத் தேர்ந்தால் போதும். வேர்டில் 'பேஜ் செட்டப்' பெட்டியில் 'மல்டிபிள் பேஜஸ்' என்ற இடத்தில் 'புக் ஃபோல்டு' இருக்கிறது. 'புக் ஃபோல்டு' அமைப்பை எழுதி முடித்தபின் மாற்றினால் பக்கங்கள் எல்லாம் புரண்டுவிடும், ஆகவே முதலிலேயே தேர்ந்துவிடுங்கள். ரைட்டரில் இன்னொரு பொறி உண்டு. அத்தியாயங்கள் வலப்பக்கத்தில் தொடங்க வேண்டும் என்று அமைத்திருந்தால், அது தானாக வெற்றுப் பக்கங்களைச் செருகும். அவற்றையும் அச்சிடும் விருப்பத்தை அணைத்து வைத்திருந்தால் அவை தாளில் வராது. அந்த இடத்திலிருந்து ஒவ்வொரு பக்கமும் ஒரு படி நகர்ந்து, 17 என்ற கணக்கு உடைந்துபோகும்.

எழுத்துரு இல்லாத வேறு கணினியில் அச்சிடப் போகிறீர்கள் என்றால், கோப்பை அப்படியே எடுத்துச் செல்லாதீர்கள். மாற்று எழுத்துரு வந்து உட்கார்ந்தால் வரிகள் நீண்டு, 16 பக்கம் 17 ஆகிவிடும். எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் ஆக்கி, பக்க வரிசை மாறாத அந்தக் கோப்பை பிடிஎஃப் படிப்பானின் 'புக்லெட்' விருப்பத்தில் அச்சிடுங்கள். அடுக்கும் வேலை ஒரே இடத்தில்தான் நடக்க வேண்டும். பிடிஎஃப் படிப்பானிலும் பிரிண்டர் அமைப்பிலும் சேர்த்து இரண்டு முறை 'புக்லெட்' தேர்ந்தால், அடுக்கியதையே மறுபடி அடுக்கி, நுணுங்கிய எழுத்துகளோடு குழம்பிய தாள் வெளிவரும்.

பலரைத் தடுமாறவைப்பது இரு பக்க அச்சின் புரட்டு. சாதாரண நிமிர்ந்த பக்கத்துக்குத் தாள் நீள விளிம்பில் புரளும், பிரிண்டரில் இயல்பாக இருப்பதும் பெரும்பாலும் அதுவே. ஆனால் புத்தகத் தாள் கிடைமட்டமாகக் கிடக்கிறது, மடிப்புக்கோடு 210 மி.மீ. பக்கத்துக்கு இணையாக ஓடுகிறது. எனவே குறுகிய விளிம்பில்தான் புரள வேண்டும். நீள விளிம்பில் புரட்டினால், சுவர் நாள்காட்டியை மேலே தூக்கிப் புரட்டியதுபோல், பின்பக்கம் தலைகீழாக நிற்கும். இரு பக்க வசதி இல்லாத பிரிண்டரில் முன்முகங்களை மட்டும் அச்சிட்டு, கட்டைத் திருப்பிப் போட வேண்டும். எப்படித் திருப்புவது என்பது பிரிண்டருக்குப் பிரிண்டர் மாறும். ஒரு வெற்றுத்தாளின் மூலையில் பென்சிலால் அம்புக்குறி போட்டு அதை மட்டும் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். லேசர் பிரிண்டரின் சூட்டில் தாள் ஈரம் இழந்து சுருளும். உடனே திருப்பிப் போட்டால் இரண்டு தாள் ஒட்டி இழுபடும். கட்டைத் தட்டிச் சீராக்கி, சில நிமிடம் ஆறவிடுங்கள். ஒரே ஒரு தாள் கூடுதலாகப் போனாலும் அதற்குப் பிந்தைய பின்முகங்கள் அத்தனையும் தவறிவிடும்.

மடிக்கும்போது காகித நாரின் போக்கைப் பாருங்கள். பெரும்பாலான ஏ4 தாள்களில் நார்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. நாம் மடிப்பதோ அதற்குக் குறுக்கே. 80 கிராம் தாள், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாள், அதைத் தாங்கிக்கொள்ளும். 200 கிராம் அட்டையோ மடிப்பில் வெடித்து வெள்ளை தெரியும். அளவுகோலை வைத்து, மை தீர்ந்த பேனா முனையால் ஒரு பள்ளக் கோடு அழுத்திவிட்டு மடித்தால் வெடிப்பு பெரும்பாலும் அடங்கும்.

தாள்களைத் தனித்தனியே மடிக்காமல் மொத்தமாக மடித்து, மறுபடி விரித்து, நீளக் கை ஸ்டேப்ளரால் வெளிப்புறத்திலிருந்து மடிப்புக்கோட்டின்மேல் இரண்டு பின் அடியுங்கள். பின்னின் கால்கள் உட்பக்கம் மடங்க வேண்டும். இப்போது புத்தகத்தை மூடிப் பார்த்தால் உள்தாள்கள் வெளியே துருத்தி நிற்கும். 80 கிராம் தாளின் கனம் ஏறத்தாழ 0.1 மி.மீ.; ஒவ்வொரு தாளும் தனக்குள் இருப்பதை அந்த அளவு வெளியே தள்ளுகிறது. பத்துத் தாளுக்கு ஒரு மில்லிமீட்டர் ஆகிவிடும். புதிய பிளேடும் இரும்பு அளவுகோலும் கொண்டு, பல முறை மெதுவாக இழுத்து 2 மி.மீ. சீவிவிட்டால் விளிம்பு ஒன்றுபோல் ஆகும். வெளி ஓரவெளியை 15 மி.மீ. வைத்தது இதற்கும் சேர்த்துத்தான்.