"எடை ஏறினா அது திரும்ப வந்துருது, அக்கா"

பெங்களூரில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். அல்சூரிலிருந்து ஒரு திருநம்பி, அதாவது பிறந்தபோது பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர், வந்தார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். காலையில் கட்டங்காப்பி, மாலையில் இரண்டு பிஸ்கட், அன்றைய சாப்பாடே அவ்வளவுதான். மூன்றாம் முறை வந்தபோது எடை கொஞ்சம் ஏறியிருந்தது. "நல்லா தேறிட்டீங்க தம்பி" என்று மனம் நிறைந்து சொன்னேன். பிறகு இரண்டு மாதம் அவர் வரவேயில்லை.

திரும்பி வந்தவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "எடை ஏறினா மாசாமாசம் அது திரும்ப வந்துருது, அக்கா. அந்த நாலு நாளும் நான் நானாவே இல்ல."

மாதவிலக்கை நிறுத்தப் பட்டினியை அவர் மருந்தாக எடுத்துக்கொண்டிருந்தார். என்ன சாப்பிட்டார் என்று கிராம் கணக்கில் கேட்ட நான், ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கவேயில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

சோறு போதாத உடம்பில் மூளை இனப்பெருக்க ஹார்மோன்களைக் குறைத்துவிடும். மாதவிலக்கு நிற்கும், மார்பும் இடுப்பும் வற்றும். கேட்டது கிடைத்ததுபோல் இருக்கும். உள்ளே எலும்பு வலுவிழந்துகொண்டிருக்கும், இதயத்துடிப்பு மந்தமாகும். மாதவிலக்கை நிறுத்த மாத்திரைகள் உண்டு. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையிலும் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் நின்றுவிடும். ஹார்மோன் மருத்துவரை அவர் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் மதியச் சோறு தட்டுக்கு வந்தது. இப்போது எடை பார்க்கும்போது எண்ணுக்கு முதுகைக் காட்டி நிற்பார். நான் பார்த்துக் குறித்துக்கொள்வேன், வாய்விட்டுச் சொல்வதில்லை.

2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 2,89,000 கல்லூரி மாணவர்களுக்கு மேல் கலந்துகொண்டார்கள். முந்தைய ஓராண்டில் தங்களுக்கு உணவுக் கோளாறு (பட்டினி கிடப்பது, அள்ளிச் சாப்பிட்டு வாந்தியெடுப்பது போன்ற மனநலச் சிக்கல்) கண்டறியப்பட்டதாகச் சொன்னவர்கள், திருநர் மாணவர்களில் 100க்கு ஏறத்தாழ 16 பேர். ஆண்கள்மீது ஈர்ப்புள்ள, திருநரல்லாத பெண்களில் அது 2 பேருக்கும் குறைவு.

திருநங்கைகளிடம் நான் கேட்பது வேறு கதை. பகலெல்லாம் வெறும் வயிற்றோடு கடை கடையாகப் போய்க் காசு கேட்பது, இரவில் கிடைத்ததை அள்ளிச் சாப்பிடுவது, "ஒல்லியா இருந்தாத்தானே பொண்ணு" என்று விரலை விட்டு வாந்தியெடுப்பது. இது வறுமையா, நோயா என்று பிரித்துக்கொண்டிருந்தால் நாள்தான் கடக்கும்; இரண்டுக்கும் சேர்த்தே உதவி வேண்டும். ஆண், பெண் என்ற இரண்டிலும் அடங்காத ஒருவர், அலுவலகக் கழிப்பறைக்குப் போக நேரக்கூடாதென்றே பகலில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

ஆண், பெண் என்ற வழக்கமான உடலமைப்பில் அடங்காமல் பிறக்கும் இடைப்பாலினரில் சிலருக்குப் பிறவியிலேயே அட்ரீனல் சுரப்பிக் குறைபாடு இருக்கும்; தினமும் ஸ்டீராய்டு மாத்திரை போட்டாக வேண்டும். வாந்தியெடுத்தால் மாத்திரையும் வெளியேறிவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்தி நிற்கவில்லையென்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

வீட்டாருக்கும் ஒன்று. பல நாள் பட்டினி கிடந்த பிள்ளை சாப்பிட ஒத்துக்கொண்டதும் ஆசை ஆசையாகப் பிரியாணி போட்டுவிடாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சட்டென்று இறங்கி இதயம் தடுமாறலாம். முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு மருத்துவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாக.

நேரில் வரத் தயங்குபவர்கள் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை. பெங்களூரிலிருந்து கூப்பிட்டாலும் தமிழில் பேச வேண்டுமென்று கேளுங்கள்.