வளங்குன்றா: சஸ்டெய்னபிளுக்கு ஒரு பழைய சொல்

‘சஸ்டெய்னபிள்’ என்பதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் கை தயங்கும். தமிழ்நாட்டு அரசு ஏடுகளில் ‘நிலையான’ என்றும் ‘நீடித்த’ என்றும் இருக்கிறது. இலங்கையில் ‘பேண்தகு’, ‘நிலைபேறான’ என்கிறார்கள். பெங்களூருவில் பக்கத்துப் பலகையைப் பார்த்தால் கன்னடத்தில் ‘சுஸ்திர’.

லத்தீன் ‘சுஸ்தினேரே’ என்பதற்குக் கீழிருந்து தாங்குதல் என்று பொருள். ஆனால் இன்று நாம் கொள்ளும் கருத்து காட்டிலிருந்து வந்தது. ஜெர்மனியின் சாக்சனியில் வெள்ளிச் சுரங்கங்களும் உலைகளும் சுற்றியிருந்த காடுகளைத் தின்று தீர்த்தபோது, சுரங்க நிர்வாகி ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் 1713-இல் எழுதினார்: வளர்கிற அளவுக்கு மேல் வெட்டக் கூடாது. 1987-இல் ஐ.நா.வின் புருண்ட்லாந்து ஆணையம் அதையே உலக வளர்ச்சிக்கு விரித்தது: வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் குந்தகம் வராமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவது.

ஆக, சொல்லுக்குள் இருப்பது வரவு செலவுக் கணக்கு. ‘நிலையான’ என்பதில் அது விழுந்துவிடுகிறது. நிலையான ஆட்சி, நிலையான வைப்பு எல்லாம் வேறு சங்கதி. ‘பேண்தகு’ நல்ல ஆக்கம். ஆனால் எதைப் பேணுவது என்று சொல்லாது.

பலர் எழுதும் ‘வளங்குன்றா வளர்ச்சி’ அதைச் சொல்லிவிடுகிறது. குன்றுதல் என்றால் குறைதல். ‘குன்றா’ என்றால் குன்றாத, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இந்தச் சொல் குறளிலேயே (736) இருக்கிறது: ‘கேடறியாக் கெட்ட இடத்தும் வளங்குன்றா நாடென்ப நாட்டின் தலை.’ ‘கெட்ட இடத்தும்’, அதாவது கேடு வந்த காலத்திலும், என்பதைக் கவனிக்க வேண்டும். நல்ல மழைக் காலத்தில் எந்த ஊரும் வளமாகத்தான் தெரியும். 2023-இல் மழை பொய்த்தது. 2024 மார்ச்சில் பெங்களூருவில் அரசின் சுமார் 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் பாதி வற்றின. சொல்லை உரசிப் பார்க்க வேண்டிய இடம் அது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 30-க்கு 40 மனை முழுவதும் மொட்டை மாடி என்றால் 1,200 சதுர அடி, சுமார் 111 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். ஆண்டுக்கு 900 மி.மீ. என்று வைத்து, தெறித்ததும் ஆவியானதும் போக 80 விழுக்காடு பிடித்தால் 80,000 லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வீதம் நான்கு பேருக்கு 540. கூரைத் தண்ணீர் 5 மாதத்துக்குக்கூட முழுசாக வராது. அதுவும் பெய்கிறபோதெல்லாம் பிடித்து வைக்கத் தொட்டி இருந்தால்தான். மீதி, 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மேடேற்றி வரும் காவிரி, இல்லாவிட்டால் டேங்கர். ‘சஸ்டெய்னபிள் ஹோம்’ என்று விற்கும் விளம்பரத்தில் இந்தக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள்.

செலவைக் குறைத்தால் வாழ்க்கைத் தரம் போய்விடுமா? குழாயைப் பொறுத்தது. 2024 மார்ச்சில் குடிநீர் வாரியம் வணிகக் கட்டடங்கள், அடுக்குமாடிகள் முதலானவற்றில், குழாய் வாயில் மாட்டித் தண்ணீரின் வேகத்தைக் குறைக்கும் ஏரேட்டரைக் கட்டாயமாக்கியது. தமிழில் காற்றூட்டி, கடையில் ஏரேட்டர் என்றே கேளுங்கள். குழாய் வாயில் மரை உள்ளே இருந்தால் 24 மி.மீ., வெளியே இருந்தால் 22 மி.மீ. பெரும்பாலும் பொருந்தும். முதலில் ஒரு லிட்டர் மக்கைக் குழாய்க்குக் கீழே வையுங்கள். 4 நொடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 15 லிட்டர். நிமிடத்துக்கு 3 லிட்டர் விடும் ஏரேட்டரில் அதே மக் நிறைய 20 நொடி. கை கழுவ அது தாராளம். காற்று கலந்து நுரைத்து வருவதால் குறை தெரியாது. சமையலறையில் 3 வைத்தால் பாத்திரம் கழுவுகிறவர் கழற்றி எறிவார், அங்கே 6. வாளி நிரப்பும் குழாய்க்கு மாட்டுவது வீண்: வாளிக்கு வேண்டியது அதே அளவு தண்ணீர், நேரம்தான் கூடும். தொட்டிக்கு நேர் கீழ் மாடியிலும் சரிவராது. 10 அடி உயரத்துக்கு அழுத்தம் 0.3 பார்தான், தண்ணீர் நூலாக வடியும். போர்வெல் தண்ணீரின் உப்பு சல்லடையை அடைத்தால் கழற்றி ஓர் இரவு வினிகரில் ஊறப்போட வேண்டும்.

வரவுப் பக்கத்துக்கு இன்னொரு சொல். கன்னடத்தில் ‘இங்கு பாவி’ என்று பலகை கண்டால் யாரையும் திட்டவில்லை. ‘இங்கு’ என்றால் நீர் மண்ணுக்குள் இறங்குதல். ‘பாவி’ கிணறு, நம் ‘வாவி’யின் உறவு. தமிழில் மீள்நிரப்புக் கிணறு. அதில் மழைநீர் மட்டுமே போக வேண்டும். துணி துவைத்த தண்ணீரை விட்டால் நிலத்தடி நீர் கெடும். முதல் மழையில் மாடியின் தூசும் எச்சமும் வரும், அதை வெளியே திருப்பிவிட வேண்டும். வடிகட்டியில் வண்டல் சேர விட்டால் தண்ணீர் இறங்காமல் வாசலில் தேங்கும்; ஜூனுக்கு முன் அள்ளிவிடுவது நல்லது.

ஆளும்போது: வளங்குன்றா வளர்ச்சி, வளங்குன்றா வேளாண்மை, பெயராக வளங்குன்றாமை. ‘வளம்குன்றா’ என்று பிரித்து ஒட்ட வேண்டாம். மகரம் ஙகரமாகத் திரியும். வளமே பேச்சில் இல்லாத இடத்தில் இது பொருந்தாது: ‘சஸ்டெய்ன்ட் ரெய்ன்’ விடாமழைதான்.