'ஹார்ட்லி ட்ரைட்' என்றால் நன்றாக முயன்றார் என்று அர்த்தமில்லை

வெளிநாட்டு வேலைக்காக ஓ.இ.டி. என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வை எழுதும் நர்ஸ்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். பிரிட்டனில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் 2017 முதல் ஏற்றுக்கொள்ளும் தேர்வு இது. எழுத்துத் தாளில் 45 நிமிடத்துக்குள் நோயாளி பற்றிய குறிப்புகளான கேஸ் நோட்ஸைப் படித்து, 180 முதல் 200 சொற்களில் ஒரு கடிதம் எழுத வேண்டும். நோயாளிக்கு என்ன ஆனது என்று சொல்லும் கடிதம் என்பதால் பெரும்பகுதி இறந்தகாலத்தில்தான் ஓடும். வாய்க்குள் நுழையாத மருந்துப் பெயர்களை எல்லாம் பிழையில்லாமல் எழுதிவிடுவார்கள். சறுக்குவது 'ஸ்லெப்ட்', 'ஃபெல்ட்', 'லுக்ட்' மாதிரிச் சின்ன வினைச்சொற்களுக்குப் பக்கத்தில்தான்.

ஒரு பயிற்சிக் கடிதத்தில் இப்படி ஒரு வரி: 'தி பேஷன்ட் ஹார்ட்லி ட்ரைட் டு வாக்.' அறுவை சிகிச்சைக்குப் பிறகு எழுந்து நடக்க அந்த அம்மா படாத பாடு பட்டார் என்று சொல்ல வந்தவர் எழுதியது. படிப்பவருக்கோ 'நடக்க முயற்சியே எடுக்கவில்லை' என்றுதான் போய்ச் சேரும். அடுத்து வரும் பிசியோதெரபிஸ்ட், இவர் ஒத்துழைக்காத நோயாளி என்ற எண்ணத்தோடுதான் அறைக்குள் நுழைவார். 'ட்ரைட் ஹார்ட்' என்று எழுதியிருக்க வேண்டும். 'ஹார்ட்' என்ற சொல் அட்ஜெக்டிவாகவும் (பெயரடை) அட்வெர்பாகவும் (வினையடை) அப்படியே நிற்கும். அதோடு 'லி' சேர்ந்தால் பொருள் தலைகீழ். 'லேட்' கதையும் ஏறக்குறைய இதுதான். 'தி டோஸ் வாஸ் கிவன் லேட்' என்றால் மருந்து தாமதமாகக் கொடுக்கப்பட்டது. 'லேட்லி' என்று எழுதினால் அது 'சமீபத்தில்' ஆகிவிடும்; தாமதம் என்ற செய்தியே காணாமல் போகும்.

இந்தக் குழப்பம் பெரும்பாலும் நம் 'ஆக'விலிருந்து வருகிறது என்பது என் கணிப்பு. 'அமைதியாக இருந்தார்', 'அமைதியாகப் பேசினார்'. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'அமைதியாக' போதும். ஆங்கிலம் இந்த இடத்தில் பிரிந்துவிடும்: 'ஷீ வாஸ் காம்', 'ஷீ ஸ்போக் காம்லி'. 'ஆக' வந்தால் 'லி' போடு என்று மனதில் ஒரு குறுக்குவழி வைத்திருப்பவர்கள் 'ஷீ வாஸ் காம்லி' என்று எழுதிவிடுகிறார்கள். 'வாஸ்', 'பிகேம்', 'ரிமெய்ன்ட்', 'சீம்ட்' போன்றவை எந்தச் செயலையும் சொல்வதில்லை. ஆளுக்கும் அவர் நிலைக்கும் நடுவே சமக்குறி மாதிரி நிற்கின்றன. அந்தப் பக்கம் ஆளைப் பற்றிய சொல்தான், அதாவது அட்ஜெக்டிவ்தான் வரும். 'ரிமெய்ன்ட் ஸ்டேபிள்', 'பிகேம் ட்ரௌசி'.

இது வரை சுலபம். வம்பு பண்ணுவது இரண்டு வேலையும் பார்க்கும் வினைச்சொற்கள். 'ஐ ஃபெல்ட் ஹிஸ் ஃபோர்ஹெட் ஜென்ட்லி' என்றால் நெற்றியை மெதுவாகத் தொட்டுப் பார்த்தேன். 'ஹிஸ் ஃபோர்ஹெட் ஃபெல்ட் ஹாட்' என்றால் தொட்டபோது நெற்றி சுட்டது. 'ஹீ டர்ன்ட் ஸ்லோலி' என்றால் மெல்லத் திரும்பினார். 'ஹீ டர்ன்ட் பேல்' என்றால் வெளுத்துப்போனார். புண்ணில் துர்நாற்றம் வீசினால் 'தி ஊண்ட் ஸ்மெல்ட் ஃபௌல்'. இங்கே 'ஃபௌலி' என்று எழுதுபவர்கள் இலக்கணம் படிக்காதவர்கள் இல்லை. படித்ததால்தான் அந்த 'லி'யைத் தேடிப்பிடித்துப் போடுகிறார்கள்! சந்தேகம் வந்தால் அந்த வினையை எடுத்துவிட்டு 'வாஸ்' போட்டுப் பாருங்கள். 'ஹிஸ் ஃபோர்ஹெட் வாஸ் ஹாட்': பொருள் அதிகம் மாறவில்லை, அட்ஜெக்டிவ் சரி. 'ஹீ வாஸ் ஸ்லோ': சொல்ல வந்தது வேறு, இது வேறு. அப்படியானால் அது செயல், 'ஸ்லோலி'தான் வேண்டும். 'வெல்' மட்டும் கொஞ்சம் தனி ரகம். 'தி ஊண்ட் ஹீல்ட் வெல்' என்பதில் அட்வெர்ப். 'ஷீ லுக்ட் வெல்' என்று உடல்நலத்தைச் சொல்லும்போது அதே சொல் அட்ஜெக்டிவ்.

அப்புறம் 'வாஸ்' ஆசை. 'தி பேஷன்ட் வாஸ் ஸ்லெப்ட் வெல்', 'ஹீ வாஸ் வாமிட்டட்'. வார்டில் நாள் முழுக்கக் காதில் விழுவது 'வாஸ் அட்மிட்டட்', 'வாஸ் டிஸ்சார்ஜ்ட்', 'வாஸ் கிவன்' என்ற செயப்பாட்டு வினைகள்தான். அதனால் இறந்தகாலம் என்றாலே முன்னால் ஒரு 'வாஸ்' வேண்டும் என்று கை பழகிவிடுகிறது. நோயாளியை நாம் அட்மிட் செய்கிறோம், சரி. அவரை யாரும் தூங்கவோ வாந்தி எடுக்கவோ செய்யவில்லையே! 'ஸ்லெப்ட் வெல்', 'வாமிட்டட் ட்வைஸ்' போதும். இறந்துபோனார் என்பதற்கும் 'வாஸ் டைடு' கிடையாது. நடந்ததைச் சொன்னால் 'டைடு', நிலையைச் சொன்னால் 'வாஸ் டெட்'.

இறந்தகால வினை போலவே தோற்றம் காட்டும் அட்ஜெக்டிவ்களும் உண்டு. 'ஹீ வாஸ் கன்ஃப்யூஸ்ட் ஓவர்நைட்' என்றால் இரவு முழுக்க அவர் குழம்பியிருந்தார். வயதான நோயாளி என்றால் டாக்டர் உடனே கவனிக்க வேண்டிய அறிகுறி. 'ஹீ வாஸ் கன்ஃப்யூசிங்' என்று எழுதினால் அவர் மற்றவர்களைக் குழப்பினார் என்று ஆகும். அறிகுறி போய், நோயாளி மீது புகார் எழுதியது போல் நிற்கும்.

வாக்கியத்தில் அட்வெர்ப் நிற்கும் இடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் 'மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டார்' என்று வினைக்கு முன்னால் வைக்கிறோம். ஆங்கிலம் வினையையும் மாத்திரையையும் பிரிக்க விடாது: 'டுக் த டேப்ளட்ஸ் ரெகுலர்லி'. 'ஆஃபன்', 'ஆல்வேஸ்' போன்றவை வழக்கமாக வினைக்கு முன்னால், ஆனால் 'வாஸ்' இருந்தால் அதற்குப் பின்னால்: 'ஆஃபன் ஃபர்காட்', 'வாஸ் ஆஃபன் டயர்ட்'. 'பெயின் வெரி ரெட்யூஸ்ட்' என்று எழுத வேண்டாம். 'வெரி' தனியாக வினையோடு ஒட்டாது. 'ரெட்யூஸ்ட் சிக்னிஃபிகன்ட்லி' என்று எழுதலாம்.

காலத்தைச் சொல்லும் அட்வெர்ப் வந்தால் இன்னும் கவனம் தேவை. 'எஸ்டர்டே', 'ஆன் 12 மார்ச்' என்று முடிந்துபோன நாளைச் சொல்லிவிட்டால் 'ஹேஸ் பீன் அட்மிட்டட்' வராது, 'வாஸ் அட்மிட்டட்'தான். 2010-ல் சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்பட்டது என்றால் 'வாஸ் டயக்னோஸ்ட் இன் 2010'. அன்றிலிருந்து இன்றுவரை இருக்கிறது என்றால் 'ஹேஸ் ஹேட் டயபெடிஸ் சின்ஸ் 2010'. இரண்டையும் கலந்து 'வாஸ் டயபெடிக் சின்ஸ் 2010' என்று எழுதினால், இப்போதும் சர்க்கரை இருக்கிறதா என்று கடிதத்தைப் பெறும் டாக்டர் போன் போட்டுத்தான் கேட்க வேண்டியிருக்கும்.